மலைப்பாதை வளைவும் வீட்டில் அமைக்கும் அசைவு மேடையும்

திருப்பதியிலிருந்து பஸ்ஸில் திருமலைக்குச் சென்று திரும்புவோரில் பலர் வழியில் தலைசுற்றலால் வருந்துவதை யாவரும் கண்டிருப்போம். இறங்குவதற்கு இப்பொழுது பயன்படும் பழைய பாதை 1944-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஏறுவதற்கான இரண்டாம் பாதை 1974-இல் வந்தது. எப்பாதையாயினும், மயக்கமுற்றுச் சாய்பவர் பெரும்பாலும் பயணியே, ஓட்டுநர் அல்லர். அதிலும் மடியில் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டு வருபவருக்கே முதலில் குமட்டும்.

காரணம் எளிது. புத்தகத்தை நோக்கும் கண் 'நான் அசையவில்லை' என்று மூளைக்கு அறிவிக்கிறது. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்போ 'அசைகிறேன்' என்கிறது. இவ்விரு சாட்சிகளும் முரண்படுவதே துன்பத்திற்கு மூலம். ஓட்டுநர் சாலையையே நோக்கியிருப்பதோடு, வண்டி எப்பக்கம் திரும்பும் என்பதை முன்னதாகவே அறிந்திருக்கிறார்.

கார்ப் பந்தய விளையாட்டுகளிலும், ஓட்டுநர் பயிற்சிக்கான பாவனைக் கருவிகளிலும் இம்முரண்பாடு தலைகீழாக அமைகிறது. அங்கே திரையில் சாலை விரைந்தோட, நாற்காலி அசையாமல் நிற்கிறது. அந்நாற்காலிக்குத் தக்க அசைவை ஊட்டும் சாதனமே அசைவு மேடை. பல லட்ச ரூபாய் விலையுள்ள மேடைகள் சந்தையில் உண்டு. எனினும், பழைய வாகன உறுப்புகளைக் கொண்டு இரு திசைகளில் சாயும் மேடையொன்றை ஒரு தொழிற்பள்ளிப் பட்டறையிலேயே அமைக்கலாம். சித்தூர், திருப்பதி வட்டாரத்து ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் மாணவர்களைக்கொண்டு செய்து பார்க்கத்தக்கது இது. பௌதிகத்தில் ஒரு முழுப் பாடம் இதில் அடங்கியிருக்கிறது.

நூலும் திருகாணியும்

மேடைக்கு இரும்பு வாங்குமுன் வாங்கவேண்டியது ஒரு கோணமானி. அதன் மையத்தில் ஒரு நூலைக் கட்டி, நூலின் நுனியில் ஒரு திருகாணியைத் தொங்கவிட்டுப் பஸ்ஸில் எடுத்துச் செல்லவேண்டும். பஸ் நின்றிருக்கும்போதும், நேர்ச்சாலையில் மாறாத வேகத்தில் செல்லும்போதும் நூல் நேராகத் தொங்கும். பிரேக் போட்டால் முன்னோக்கிச் சாயும். வலப்புறம் திரும்பினால் இடப்புறம் ஒதுங்கும்.

நூல் சாயும் கோணத்தைக் கணக்கிட்டும் அறியலாம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் பஸ் 6 விநாடிகளில் நிற்பதாகக் கொள்வோம். வேகம் விநாடிக்கு விநாடி 1.85 மீட்டர் வீதம் குறைகிறது. புவியீர்ப்பின் வேக வளர்ச்சி 9.8. இவ்விரண்டின் விகிதத்திற்கு ஒப்பான டான்ஜென்டை உடைய கோணம் ஏறத்தாழ 11 டிகிரி. வளைவிலும் கணக்கு இதைப் போன்றதே. 15 மீட்டர் ஆரமுள்ள வளைவை 20 கி.மீ. வேகத்தில் கடந்தால் நூல் 12 டிகிரி சாயும். அவ்வளைவையே 30 கி.மீ. வேகத்தில் கடந்தால் 25 டிகிரி. வேகம் ஒன்றரை மடங்காகும்போது பக்கவாட்டு விசை இரண்டேகால் மடங்காகிறது என்பதை மாணவர் கண்ணாலேயே காணலாம். சாலையின் சரிவும், பஸ் தன் வில்களின் மேல் சாய்வதும் இக்கோணத்தில் சேர்ந்துவிடுமே என்று சிலர் ஐயுறலாம். சேரட்டும், பயணியின் உடலும் அவற்றைச் சேர்த்தே உணர்கிறது.

உட்செவியில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் பசை போன்றதொரு படலத்தின் மேல் படிந்திருக்கின்றன. அவை நம் திருகாணியைப் போன்றவை. வண்டியின் வேக மாறுதலால் ஒதுங்கினோமா, தலை சாய்ந்ததால் ஒதுங்கினோமா என்று அவற்றால் பிரித்தறிய இயலாது. ஈர்ப்பும் வேக வளர்ச்சியும் விளைவில் ஒன்றே என்று 1907-இல் ஐன்ஸ்டைன் கண்ட உண்மை நம் காதுக்குள்ளும் செல்லுபடியாகிறது! அசைவு மேடை முற்றிலும் இந்த ஏமாற்றத்தையே நம்பியிருக்கிறது.

பஸ் நிற்கும் உணர்வை உண்மையான ஓட்டத்தாலேயே தருவதென்றால், மேற்கண்ட 6 விநாடி பிரேக்கிற்கு 33 மீட்டர் நீளமுள்ள தண்டவாளம் வேண்டும். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய ஓட்டுப் பாவனைக் கூடத்தில் மேடை இருதிசைகளிலும் ஏறத்தாழ 20 மீட்டர் நகர்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டல்லவா? நாமோ நாற்காலியைச் சற்று முன்புறம் சாய்த்து, ஈர்ப்பையே பிரேக்காக வேலை வாங்குகிறோம்.

சாயும் வேகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உட்செவியின் மூன்று அரைவட்டக் குழல்கள் சுழற்சியை உணர்பவை. விநாடிக்கு 3 டிகிரி அளவுக்கு உட்பட்ட மெதுவான சாய்வை அவை பெரும்பாலும் கவனிப்பதில்லை. விரைவாகச் சாய்த்தால் உட்கார்ந்திருப்பவர் 'என்னைச் சாய்க்கிறார்கள்' என்று அறிந்துவிடுவார். அதோடு கண்ணும் காட்டிக்கொடுக்கும். திரையைத் தரையில் நிறுத்தினால், நாற்காலி சாய்வது வெளிப்படையாகத் தெரியும். ஆகவே திரையையும் மேடையின் மேலேயே பொருத்துவது நன்று.

துருத்தியிலிருந்து ஆறு கால்கள் வரை

இம்முறை புதிதன்று. அமெரிக்காவில் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலை நடத்திவந்தவரின் மகனான எட்வின் லிங்க், 1929-இல் வாத்தியத் துருத்திகளின் மேல் ஒரு சிறு விமானக் கூண்டை ஏற்றி, அவற்றின் காற்றழுத்தத்தை மாற்றி அதைச் சாய்த்தார். நம் ஆர்மோனியத் துருத்தியை நன்கறிந்த எவருக்கும் அவ்வமைப்பு விளங்கும். 1934-இல் அமெரிக்க ராணுவ விமானப் படை அத்தகைய ஆறு கருவிகளை வாங்கியது. பின்னர் டன்லப் கம்பெனியின் எரிக் காஃப் டயர்களைச் சோதிப்பதற்காக ஆறு கால்களுள்ள மேடையை அமைத்தார். 1965-இல் ஸ்டுவர்ட் என்பவர் விமானப் பயிற்சிக்காக அத்தகைய ஒரு மேடையை விவரித்துக் கட்டுரை வெளியிட, அவர் பெயரே அதற்கு நிலைத்தது. நமக்கு ஆறு கால்கள் வேண்டா. ஒரு மூட்டும் இரு மோட்டார்களும் போதும்.

அமைக்கும் முறை

சதுர இரும்புக் குழாயால் தரைச்சட்டம் ஒன்றும், காரின் பழைய இருக்கை பொருந்தும் மேற்சட்டம் ஒன்றும் செய்துகொள்ளவேண்டும். இரண்டையும் நடுவில் இணைப்பது, பழைய லாரியின் புரொப்பெல்லர் ஷாஃப்டிலிருந்து எடுத்த யுனிவர்சல் ஜாயின்ட். அதற்கு 40 செ.மீ. பின்னால், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 25 செ.மீ. தள்ளி இரு மோட்டார்கள் நிற்கும். கனரக வாகனத்தின் வைப்பர் மோட்டார் இதற்கு ஏற்றது. உள்ளே புழுப் பற்சக்கரம் இருப்பதால், மின்சாரம் நின்றாலும் சுமை அதை எளிதில் பின்னோக்கிச் சுழற்றுவதில்லை. மோட்டார் அச்சில் 5 செ.மீ. நீளமுள்ள கிராங்க் கையைப் பொருத்தி, இருமுனையிலும் பந்து மூட்டுள்ள கம்பியால் மேற்சட்டத்துடன் இணைக்கவேண்டும். இரு மோட்டார்களும் ஒருங்கே உயர்த்தினால் மேடை முன்புறம் தாழும். ஒன்று உயர்த்தி மற்றொன்று தாழ்த்தினால் பக்கவாட்டில் சாயும்.

பெரும்பாலோர் தவறுவது இருக்கையை வைக்கும் இடத்தில்தான். ஆளும் இருக்கையும் மேற்சட்டமும் சேர்ந்து 90 கிலோ என்போம். அவற்றின் எடை மையம் மூட்டுக்கு 5 செ.மீ. முன்னால் இருந்தால், மோட்டார்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 11 கிலோ எடையைத் தாங்கினால் போதும். 20 செ.மீ. முன்னால் சென்றுவிட்டாலோ 45 கிலோ! மோட்டார் புகையும்போது மாணவர் இன்னும் பெரிய மோட்டாரைத் தேடுவர்; இருக்கையை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளுவதே அங்குச் சரியான மருந்து. எடை மையம் மூட்டுக்கு மேலே 30 செ.மீ. உயரத்தில் இருந்தால், 4 டிகிரி சாயும்பொழுதே அது 2 செ.மீ. ஒதுங்குகிறது. ஆகையால் இருக்கை இயன்றவரை தாழ்ந்திருக்கட்டும்.

ஒவ்வொரு கிராங்க் அச்சிலும் ஒரு மாறு மின்தடை பொருத்தப்படும். அது அச்சு நிற்கும் கோணத்தை மின்னழுத்தமாக மாற்றி, ஆர்டுயினோ போன்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகைக்கு அறிவிக்கும். விளையாட்டு நிரலிலிருந்து வரும் வேக மாறுதலின் அளவைப் பலகை கோணமாக்கி, இருக்கும் கோணத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டிற்கேற்ப மோட்டாரை ஓட்டும். இலக்கு நெருங்கும்போது விசையைக் குறைக்காவிடில், மேடை இலக்கைக் கடந்து திரும்பி, மீண்டும் கடந்து நடுங்கும். திரையில் காட்சி மாறியதற்கும் மேடை அசைந்ததற்கும் இடையே 0.1 விநாடிக்கு மேல் செல்லலாகாது. தாமதமான அசைவைவிட அசையாத நாற்காலியே மேல். திருமலைப் பஸ்ஸின் தலைசுற்றல் இங்கே திரும்பி வந்துவிடும். கைப்பேசியில் மெதுவோட்டப் படம் எடுத்தால் தாமதத்தை அளக்கலாம்.

மாணவர்கள் சைக்கிள் ஓட்டும் பழக்கத்தால், வலப்புற வளைவில் மேடையையும் வலப்புறம் சாய்க்க முற்படுவர். அது பிழை. நூல் எப்பக்கம் ஒதுங்கியதோ அப்பக்கமே மேடை தாழவேண்டும்.

எவ்வளவு சாய்ப்பது?

பஸ்ஸில் நூல் காட்டிய 12 டிகிரியை அப்படியே மேடையில் தரலாமே என்று தோன்றும். முடியாது; கூடவும் கூடாது. நம் கிராங்க் தருவது மேலும் கீழும் 5 செ.மீ. மட்டுமே. பக்கவாட்டில் அது 11 டிகிரிக்கும், முன்பின்னாக 7 டிகிரிக்கும் சமம். முழு அளவில் சாய்த்தால், 20 கி.மீ. வேகத்திலேயே மேடை எல்லையை எட்டிவிடும். 30 கி.மீ. வேகத்தில் வருபவருக்கும் அதே 11 டிகிரிதான் கிட்டும். அபாயம் இரட்டிப்பாகும் இடத்தில் மேடை வாய்மூடி நிற்கும். அதில் பழகியவர் மெய்யான மலைப்பாதையில் அவ்வேகத்தைச் சாதாரணமாக எண்ணிவிடக்கூடும். அத்தகைய மேடையில் பயில்வதைவிடப் பயிலாதிருப்பதே நலம்.

ஆதலின் இரு திசைகளுக்கும் ஆறில் ஒரு பங்கு என்ற அளவை மேற்கொள்வோம். 12 டிகிரி 2 ஆகிறது. 25 டிகிரி 4-க்குச் சற்று மேல். ஈர்ப்பில் பாதியளவுக்குக் கடுமையாகப் பிரேக் போட்டால் நூல் 27 டிகிரி சாயும். மேடையில் 4½-க்குச் சற்றுக் குறைவு. இவ்விரண்டும் ஒருங்கே நேர்ந்தாலும் ஒரு மோட்டாருக்குத் தேவைப்படும் உயர்வு 4.9 செ.மீ. தான். எல்லைக்குள் அடங்கிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓடும் பந்தயக் கார்களைப் பாவனை செய்ய விரும்புவோர் பங்கை மேலும் குறைக்கவேண்டும். ஈர்ப்புக்கு நிகரான விசையில் நூல் 45 டிகிரி சாய்ந்துவிடுமன்றோ?

ஆனாலும் தொடர்ந்து பிரேக்கை மிதித்து இறங்கும்போது அது சூடேறிப் பிடிப்பு இழப்பதை இம்மேடை உணர்த்தாது. தாழ்ந்த கியரில் இறங்கும் பழக்கத்தை மலைப்பாதையில்தான், தேர்ந்தவர் அருகிலிருக்கப் பயிலவேண்டும்.

பாதுகாப்பில் சிக்கனம் கூடாது. அவசர நிறுத்தப் பொத்தான், கணிப்பொறியை அன்றி மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தையே துண்டிக்கவேண்டும். உட்கார்ந்திருப்பவருக்கும் அருகில் நிற்பவருக்கும் தனித்தனியே ஒன்று இருக்கட்டும். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஃபியூஸ் அவசியம். செய்தி வருவது அரை விநாடி நின்றால், மேடை மெதுவாக நடுநிலைக்குத் திரும்புமாறு நிரல் எழுதவேண்டும். இரு சட்டங்களுக்கும் இடையேயுள்ள சந்து விரலை நசுக்கக்கூடியது. தடித்த துணியாலோ ஒட்டுப்பலகையாலோ சுற்றிலும் மூடாமல் மின்சாரம் கொடுக்கலாகாது.

முதல் ஓட்டத்தில் மனிதரை அமர்த்தாமல் ஒரு மணல் மூட்டையை இருக்கைப் பட்டையால் கட்டி ஓட்டவேண்டும். அப்போது 30 செ.மீ. நூலில் அதே திருகாணியை மேடையில் தொங்கவிட்டு, பஸ்ஸில் குறித்த ஏட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் 12 டிகிரி கண்ட வளைவுக்கு இங்கே திருகாணி 1 செ.மீ. ஒதுங்கவேண்டும். அதற்கு மிகுந்து ஒதுங்கினால் நிரலிலுள்ள பங்கைத் திருத்தவேண்டும். எதிர்ப்புறம் ஒதுங்கினால் இரு மோட்டார்களின் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. இரண்டும் சரியான பிறகே மூட்டையை அவிழ்க்கலாம்.