விதைக்கு ஒரு விசாரணை



‘விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?’ என்பது நம் நாட்டுப் பழமொழி. எந்த விதையை இடுகிறோமோ அந்தச் செடியே முளைக்கும் என்பது உழவர் தம் முன்னோரிடம் கற்ற முதற்பாடம். ஆனால், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் பண்பு பருத்திச் செடிக்குள் குடியேறி, அச்செடியைத் தின்னவரும் புழுவைக் கொல்கிறது என்றால் வியப்பாக இல்லையா? இன்றைய அறிவியல் இதைச் செய்து காட்டியிருக்கிறது. இவ்வாறு ஆக்கப்பட்ட விதை ஆய்வுக்கூடத்தை விட்டு வயலுக்கு வருமுன் அதனை யார் சோதிக்கிறார்கள்? என்னென்ன கேள்விகள் கேட்கிறார்கள்? அனுமதி கொடுத்ததோடு கடமை முடிந்துவிடுகிறதா? இவற்றை நம் நாட்டு அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

மரபணு மாற்றுப் பயிர் என்பது யாது?

ஒவ்வோர் உயிரின் உயிரணுக்களிலும் மரபணுக்கள் உள்ளன. பூவின் நிறம், காயின் வடிவம், செடியின் உயரம் போன்ற பண்புகளைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்துபவை இவையே. நல்ல காய் காய்க்கும் செடியையும் நோய் தாங்கும் செடியையும் கலந்து புதிய வகை உண்டாக்குவது பழைய முறை. இதில் பொதுவாக ஒரே இனத்தையோ நெருங்கிய உறவினத்தையோ சேர்ந்த செடிகள்தாம் கலக்கும். மரபணு மாற்ற முறையிலோ இந்த வேலி இல்லை. ஓர் உயிரிலிருந்து ஒரு மரபணுவை எடுத்து, அதனோடு சற்றும் உறவில்லாத வேறோர் உயிரில் சேர்க்கலாம்.

‘பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்’ என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு சுருக்கமாக ‘பி.டி.’ என்பர். இது உண்டாக்கும் ஒருவகைப் புரதம் சில புழுக்களின் குடலில் ஒட்டி, அங்கே துளையிட்டு அவற்றைக் கொல்லும். மனிதரின் குடலில் அப்புரதம் ஒட்டிக்கொள்வதற்கான இடமில்லை. அப்புரதத்தை உண்டாக்கும் மரபணுவைப் பெற்ற பருத்தியே பி.டி. பருத்தி.

சோதனை ஏன்?

கடையில் விற்கும் மருந்தில் குறை கண்டால் அதனைத் திரும்பப் பெறலாம். புட்டிகளை எண்ணி அழித்துவிடலாம். ஆனால் விதை அப்படிப்பட்டதன்று. அது முளைக்கும், பூக்கும். அதன் மகரந்தத்தைக் காற்றும் தேனீயும் அடுத்த வயலுக்குக் கொண்டு செல்லும். ஊரெங்கும் பரவிய மகரந்தத்தை யார் திரும்பப் பெற முடியும்? ஆகவேதான் கேள்விகளை முன்கூட்டியே கேட்க வேண்டியிருக்கிறது.

அக்கேள்விகளுள் முதன்மையானவை நான்கு. உண்பவருக்கு இதனால் நஞ்சோ ஒவ்வாமையோ உண்டாகுமா? காட்டினத்திற்கும் அண்டைப் பயிருக்கும் இப்புது மரபணு பரவுமா? தேனீ, வண்ணத்துப்பூச்சி, மண்புழு போன்ற தீங்கற்ற உயிர்களுக்குக் கேடு நேருமா? பூச்சிகள் நாளடைவில் இதனை எதிர்த்து வாழப் பழகிவிடுமா?

இக்கேள்விகள் வெறும் அச்சத்தால் பிறந்தவை அல்ல. சோயா மொச்சையின் சத்தை உயர்த்துவதற்காக அதில் பிரேசில் கொட்டையின் மரபணு ஒன்றை ஒருமுறை சேர்த்தனர். சோதித்துப் பார்த்தபோது, பிரேசில் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தச் சோயாவும் ஒவ்வாமை தரும் என்பது தெரிந்தது. இம்முடிவு 1996-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அந்தச் சோயா விற்பனைக்கு வரவே இல்லை. முன்கூட்டிச் செய்த சோதனையின் பயன் எத்தகையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

சட்டம் பிறந்த கதை

இத்துறைக்கு முதன்முதலில் கட்டுப்பாடு வேண்டும் என்றவர்கள் அறிவியலாரே. 1975-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அசிலோமர் என்னுமிடத்தில் அவர்கள் கூடித் தம் ஆய்வுகளுக்குத் தாமே விதிமுறைகள் வகுத்துக்கொண்டனர்.

நம் நாட்டில் 1984-இல் நிகழ்ந்த போபால் நச்சுவாயு விபத்து, ஆபத்தான தொழில்களைக் கண்காணிக்கும் சட்டத்தின் தேவையை உணர்த்தியது. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்கீழ் 1989-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் மரபணு மாற்று உயிர்களுக்கான விதிகள் வெளியாயின. அப்போது இந்திய வயல் எதிலும் இத்தகைய பயிர் விற்பனைக்கு வந்திருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர், உலக நாடுகள் கூடி 2000-ஆம் ஆண்டில் கார்ட்டஹீனா உயிரிப் பாதுகாப்பு உடன்படிக்கையை ஏற்றன. அது 2003-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் அதில் ஓர் உறுப்பு நாடு.

படிப்படியாக ஏறும் ஏணி

நம் விதிகளின்படி புதிய விதை பல படிகளைக் கடக்க வேண்டும். முதற்படி, ஆய்வு நடக்கும் நிறுவனத்திலேயே உள்ள உயிரிப் பாதுகாப்புக் குழு. இரண்டாவது, மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின்கீழ் உள்ள மரபணு மாற்ற ஆய்வுக் குழு. ஆய்வுக்கூடச் சோதனைகளையும் சிறிய வயற்சோதனைகளையும் இது கவனிக்கிறது. மூன்றாவது, சுற்றுச்சூழல் அமைச்சகத்தின்கீழ் உள்ள மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு. விதை பொது வயலுக்கு வரலாமா என்று பரிந்துரைப்பது இதுவே. இவையன்றி மாநிலத்திற்கு ஒரு குழுவும், மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டத்திற்கு ஒரு குழுவும் கண்காணிப்புக்கென உண்டு.

வயற்சோதனையும் ஒரேயடியாக நடப்பதில்லை. முதற்கட்டத்தில் ஓரிடத்தில் ஓர் ஏக்கருக்கு மேற்படக் கூடாது. அடுத்த கட்டத்தில் இரண்டரை ஏக்கர் வரை செல்லலாம். சோதனை வயலுக்கும் அதே இனப் பயிர் உள்ள பிற வயலுக்கும் குறிப்பிட்ட இடைவெளி வேண்டும். 2011 முதல், சோதனை நடக்கும் மாநில அரசின் தடையின்மைச் சான்றும் கேட்கப்படுகிறது.

ஏட்டில் இந்த ஏணி செம்மையாகவே இருக்கிறது. நடைமுறையில் எப்படி? அதனைப் பருத்தியும் கத்தரியும் கடுகும் நமக்குச் சொல்லும்.

பருத்தி கற்பித்த பாடம்

2001-ஆம் ஆண்டில் குஜராத் மாநிலப் பருத்தி வயல்களைக் காய்ப்புழு சூறையாடியது. ஆனால் சில வயல்கள் மட்டும் பசுமை மாறாமல் நின்றன. ஐயுற்றுச் சோதித்தபோது அங்கே பி.டி. மரபணு இருப்பது வெளிப்பட்டது. அனுமதி பெறாத விதை பல்லாயிரம் ஏக்கரில் விளைந்து நின்றது! பயிரை அழிக்குமாறு மத்தியக் குழு ஆணையிட்டும், விளைந்த பஞ்சின் பெரும்பகுதி சந்தைக்குச் சென்றுவிட்டது. உழவரைக் குறைகூறிப் பயனில்லை. புழுவால் நொந்தவர் பிழைக்கும் வழியைத் தேடினர். ஆயினும் காவலர் வருமுன் விதை முந்திக்கொண்டது என்பதே உண்மை.

2002-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள், முறையான சோதனைகளைக் கடந்த மூன்று பி.டி. பருத்தி வகைகளுக்கு அனுமதி கிடைத்தது. காய்ப்புழுவுக்காகத் தெளிக்கும் மருந்து முதல் ஆண்டுகளில் குறைந்தது. நாளடைவில் நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் பி.டி. பருத்தியே ஆயிற்று.

அனுமதியோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. பி.டி. பயிரைச் சுற்றிலும் ஐந்து வரிசையோ மொத்தப் பரப்பில் 20 விழுக்காடோ, எது மிகுதியோ அந்த அளவுக்குச் சாதாரணப் பருத்தியை நட வேண்டும். எதற்காக? பி.டி. பயிரை எதிர்த்துப் பிழைக்கும் புழுக்கள் சிலவே. அவை தம்முள்ளேயே இணைந்தால் எதிர்ப்பாற்றல் பெருகும். அருகில் சாதாரணச் செடியில் வளர்ந்த பூச்சிகளோடு இணைந்தால் அவ்வாற்றல் நீர்த்துப் போகும். இதற்கென விதைப் பெட்டியோடு 120 கிராம் சாதாரண விதையும் தனிப் பொட்டலமாக வந்தது. ஆனால் புழு தின்னட்டும் என்று நிலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கச் சிறு உழவருக்கு மனம் வருமா? பெரும்பாலோர் அப்பொட்டலத்தை விதைக்கவே இல்லை. காரணத்தை அவர்களிடம் எடுத்துச் சொன்னவரும் குறைவு.

விளைவு என்ன? 2009-ஆம் ஆண்டுப் பருவத்திலேயே குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் மரபணுவை வென்றுவிட்டது. இரண்டு மரபணுக்கள் கொண்ட பருத்தி 2006-இலேயே வந்திருந்தும், சில ஆண்டுகளில் அதனையும் அப்புழு வென்றது. வாயிற்காவல் மட்டும் போதாது, வீட்டுக்குள்ளும் விழிப்பு வேண்டும் என்பது பருத்தி கற்பித்த பாடம்.

கத்தரி கற்பித்த பாடம்

அடுத்து வந்தது பி.டி. கத்தரி. கத்தரியின் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவை ஒழிக்க உழவர் ஒரு பருவத்தில் பலமுறை மருந்தடிக்கின்றனர். அம்மருந்தைக் குறைப்பது நல்ல நோக்கமே. இம்முயற்சியில் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்கேற்றது என்பதை நாம் அறிய வேண்டும். நம் பகுதி வகைகளிலேயே அம்மரபணுவைச் சேர்த்துப் பார்த்தனர்.

2009-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் மத்தியக் குழு பச்சைக்கொடி காட்டியது. பருத்தி உடுக்கும் பொருள். கத்தரியோ உண்ணும் பொருள். நாடெங்கும் வாதம் எழுந்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், கொல்கத்தா முதல் பெங்களூர் வரை ஏழு நகரங்களில் பொதுமக்களை நேரில் கேட்டார். உழவரும் அறிவியலாரும் இல்லத்தரசியரும் எனச் சுமார் 8,000 பேர் கலந்துகொண்டனர். கருத்துத் தெரிவித்த மாநில அரசுகள் எச்சரிக்கையையே வேண்டின.

இங்கே எழுந்த ஒரு கேள்வி உங்களுக்கு எளிதில் விளங்கும். தேர்வு எழுதியவளே தன் விடைத்தாளைத் திருத்தலாமா? விதையை விற்க விரும்பும் நிறுவனம் தந்த சோதனை முடிவுகளை மட்டும் நம்பலாமா என்பதே அது. மற்றொரு காரணமும் உண்டு. கத்தரி செழித்துப் பல்கிய தாயகங்களுள் ஒன்று நம் நாடு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் இலவம்பாடி முள்கத்தரியைப் போல ஊருக்கு ஊர் தனி வகைகள் உள்ளன. அச்செல்வம் கலந்து கெட்டுவிடக் கூடாது அன்றோ?

2010-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் பி.டி. கத்தரி நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டில், ‘ஒப்புதல் குழு’ என்றிருந்த மத்தியக் குழுவின் பெயர் ‘மதிப்பீட்டுக் குழு’ என மாற்றப்பட்டது. அண்டை நாடான வங்காளதேசமோ, 2013-இல் அனுமதி வழங்கி, 2014-இல் 20 உழவரோடு பயிரிடத் தொடங்கியது. ஒரே மரபணுதான், இரு நாடுகளின் முடிவுகள் வேறு. ஆய்வுக்கூடம் உண்மைகளைத் தரும். எந்த அளவு ஐயத்தோடு முன்செல்லலாம் என்பதை அந்தந்த நாட்டு மக்களே தீர்மானிக்க வேண்டும்.

இன்றைய நிலை

தில்லிப் பல்கலைக்கழக அறிஞர்கள் உருவாக்கிய மரபணு மாற்றுக் கடுகு, 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றது. எண்ணெய்க்குப் பிறநாட்டை நம்பும் நமக்கு இது உதவும் என்றனர் ஆதரிப்போர். பூச்சிகளுக்கும் களைக்கொல்லிப் பயன்பாட்டுக்கும் என்னாகும் என்று கேட்டனர் எதிர்ப்போர். 2024-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புகள் வழங்கினர். நீதிபதி நாகரத்னா அனுமதியை ரத்துச் செய்தார். நீதிபதி சஞ்சய் கரோல் அதனை ஏற்றார். ஆயினும் மாநிலங்களையும் உழவரையும் கலந்து ஒரு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

இதற்கிடையே, வேற்றுயிரின் மரபணுவைச் சேர்க்காமல், உள்ள மரபணுவையே திருத்தும் புதிய முறை வந்துள்ளது. அதன் சில வகைகளுக்கு 2022-இல் பழைய விதிகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்முறையில் உருவான இரு நெல் வகைகள் அறிவிக்கப்பட்டன. அறிவியல் ஓடும் வேகத்திற்குச் சட்டமும் ஓட வேண்டியிருக்கிறது.

நிறைவாக

மாணவியரே! இதுகாறும் கண்டவற்றால் நாம் அறிவது என்ன? ‘மரபணு மாற்றம்’ என்ற சொல்லைக் கேட்டதுமே அஞ்சி ஓடுவதும் அறிவன்று. புதுமை என்றதுமே கைதட்டுவதும் அறிவன்று. ஒவ்வொரு விதையையும் தனித்தனியே நிறுத்தி விசாரிக்க வேண்டும். மருந்தடித்து நோயுறும் உழவரின் துன்பத்தையும் எண்ண வேண்டும். மீட்கவியலாத இழப்பையும் எண்ண வேண்டும். விசாரிப்போர் எவருக்கும் கடமைப்படாதவராக இருக்க வேண்டும். முடிவுகள் எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும். அனுமதி பெற்ற பின்னும் வயலைக் கவனித்துவர வேண்டும்.

உங்களுள் சிலர் நாளை ஆய்வுக்கூடத்தில் நிற்பீர்கள்; சிலர் மாவட்ட ஆட்சியராக அக்குழுவின் தலைமை நாற்காலியில் அமர்வீர்கள்; பலர் சந்தையில் கத்தரிக்காயைப் பொறுக்கி எடுக்கும் இல்லத்தலைவியர் ஆவீர்கள். எந்த இடத்தில் இருந்தாலும் இக்கேள்விகளைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அவற்றைச் சரியாகக் கேட்பதற்குரிய அறிவை இன்றே வகுப்பறையில் தேடிக்கொள்ளுங்கள்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. மருந்தைத் திரும்பப் பெறுவதற்கும் விதையைத் திரும்பப் பெறுவதற்கும் உள்ள வேறுபாடு யாது?

2. பி.டி. பருத்தியைச் சுற்றிச் சாதாரணப் பருத்தி நடச் சொன்னது ஏன்? உழவர் அதனை ஏற்கச் செய்ய நீங்கள் என்ன வழி கூறுவீர்கள்?

3. உங்கள் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் கத்தரி வகைகளின் பெயர்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக. அவற்றுள் இன்று காணாமற் போனவை எவை?