பூவைப் பறிக்காமல் காட்டுவோம்



சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு வருகிறவர்கள் பலரும் ஏரியையும் பூங்காவையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். சேர்வராயன் மலையின் காட்டுப் பூக்களை அவர்களுக்கு நடந்து காட்டுவதை நாம் ஒரு தொழிலாகச் செய்யலாம். பாதை நமக்குத் தெரிந்ததுதானே! ஆனால் முதலில் சில விஷயங்களைக் கற்றுக்கொள்வோம்.

1. மரத்தில் ஒட்டியிருப்பதெல்லாம் புல்லுருவி அல்ல. புல்லுருவி மரத்துக்குள் வேர்விட்டுச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் செடி மரத்தைப் பிடித்துக்கொண்டு மழை, பனி ஈரத்தில் பிழைக்கும். மரத்துக்குக் கெடுதல் செய்யாது. அதன் விதை தூசி மாதிரி இருக்கும். ஒருவகைப் பூஞ்சை துணையிருந்தால்தான் முளைக்கும். பிய்த்துவிட்டால் மறுபடி வருவது லேசில்லை. அடையாளம் பழக, ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் வைத்துள்ள ஆர்க்கிட் தோட்டத்தைக் குழுவாகப் போய்ப் பார்க்கலாம்.

2. நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை பூத்து, விதை போட்டுக் காய்ந்துவிடும். பூவை ஒடித்தால் விதை ஏது? அடுத்த செடி ஏது?

3. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் யாரையும் கூட்டிப் போகக் கூடாது. சின்னக் கூட்டமாகப் போக வேண்டும். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

செடியைப் பிடுங்கி விற்றால் ஒருநாள் காசு. செடி நின்றால் வருஷா வருஷம் ஆட்கள் பார்க்க வருவார்கள்.

குழுவுக்கு வேலை: நம்ம ஊர்ப் பாதையில் எந்த மாதம் எந்தப் பூ பூக்கும்? வயதான அம்மாக்களிடம் கேட்டு நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.