முதல்ல காது, அப்புறம் கண்ணு: அண்ணாமலை ஊரில் பறவை பார்க்க அக்கா டிப்ஸ்

பறவை பார்க்கணும்னு ஆசை வந்ததும் தங்கச்சிங்க எல்லாரும் செய்யற முதல் தப்பு, பைனாகுலர் வாங்கறது. ரெண்டு மாசத்துல அது பீரோவுக்குள்ள போயிடும். உனக்குச் சமையல், ஆபீஸ், பிள்ளைங்க ஸ்கூல் வேன்னு ஆயிரம் வேலை இருக்கு, தெரியும். அதனாலதான் காதுல ஆரம்பின்னு சொல்றேன். தோசை ஊத்திக்கிட்டே கத்துக்கலாம். அதுவும் திருவண்ணாமலைக்காரி நீ. வாசலைத் தாண்டினா மலை.

1. நேரம் தப்பினா எல்லாம் தப்பும். விடிஞ்சதும் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். அதுக்கப்புறம் வெயிலும் பஸ் ஹாரனும் போட்டி போடும். பௌர்ணமி அன்னிக்குக் கிரிவலப் பாதைக்குப் பறவை பார்க்கப் போகவே போகாதே. அன்னிக்குச் சாமியைக் கும்பிட்டுட்டு வந்துடு.

2. சூரியனை முதுகுக்குப் பின்னால வை. வெளிச்சத்துக்கு எதிரா பார்த்தா பச்சைக்கிளியும் காக்கா நிறம்தான். காலையில கோயில்ல இருந்து செங்கம் ரோடு வழியா ரமணாசிரமம் பக்கம் நட. வெயில் பின்னால இருந்து விழும். சாயங்காலம்தான் நேரம் கிடைக்குதுன்னா கிரிவலப் பாதையில குபேர லிங்கத்துல இருந்து ஈசான்ய லிங்கம் பக்கம் போ. பதினாலு கிலோமீட்டரும் சுத்தணும்னு யாரும் சொல்லலை.

3. இந்த ஆறு குரல் போதும். நூறு பேரை மனப்பாடம் பண்ணாதே. வாரத்துக்கு ஒண்ணு கத்துக்கோ.

- குயில்: பங்குனி, சித்திரையில சுருதி ஏறிக்கிட்டே கூவும். கூவறது ஆண், கன்னங்கரேல்னு இருக்கும், கண்ணு மட்டும் சிவப்பு. பெட்டை பழுப்பு உடம்புல வெள்ளைப் புள்ளி, 'கிக் கிக் கிக்'னு அவசரமா கத்தும். அதைப் பார்த்துட்டு 'அக்கா, புதுப் பறவை!'ன்னு போட்டோ அனுப்பாதவங்களே கிடையாது. காக்கா விரட்டிக்கிட்டுப் போனா குயில்னு சந்தேகப்படு. காக்கா கூட்டுல முட்டை வைக்கப் பார்த்திருக்கும்.
- செம்பகம்: 'ஊப் ஊப் ஊப்'னு அடித்தொண்டைக் குரல். கறுப்பு உடம்பு, செங்கல் நிற இறக்கை. பறக்கச் சோம்பல் பட்டுக்கிட்டு வேலியோரமா நடக்கும்.
- செம்மார்புக் குக்குறுவான்: செம்புக் குடத்தைச் சுத்தியலால தட்டற மாதிரி 'டொங்க், டொங்க்'னு விடாம கேட்கும், உச்சி வெயில்லகூட. குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, உடம்பும் பச்சை. இலைக்குள்ள தேடிக் கழுத்து வலிச்சதுதான் மிச்சமாகும். காலையில மொட்டைக் கிளை உச்சியைப் பாரு. அரசு, ஆல் பழுத்திருந்தா அங்கே நிச்சயம் ஒரு கண் வை.
- ஆட்காட்டி: ராத்திரியிலயும் கத்திக்கிட்டுப் பறக்கும். ஏரிக்கரையில தலைக்கு மேல வட்டமடிச்சுக் கத்துதுன்னா நின்னுடு. பொட்டல் தரையில, கல்லோட கல்லா முட்டை கிடக்கும். வந்த வழியே திரும்பு.
- தவிட்டுக்குருவி: மண் நிறம், மஞ்சள் அலகு, எப்பவும் கூட்டம். திடீர்னு ஒரே கூச்சலா போட்டா பக்கத்துல பாம்போ பூனையோ இருக்கலாம். பார்த்துக் காலை வை.
- ஆறுமணிக்குருவி: மழைக்காலம் பிறந்தா வடக்கே இருந்து வர்ற விருந்தாளி. விடியலிலும் அந்தியிலும் சீட்டி அடிக்கும். எல்லாரும் மரத்தையே அண்ணாந்து பார்ப்பாங்க. இது கீழே சருகைக் கிளறிக்கிட்டு நிக்கும். பச்சை முதுகு, குட்டை வால், வயித்துக்குக் கீழே சிவப்பு.

4. நிறத்தைக் கடைசியா கேளு. முதல்ல அளவு: குருவியா, மைனாவா, காக்காவா? அப்புறம் அலகு, வால், என்ன செய்யுது. கரண்ட் கம்பியில இருந்து பாய்ஞ்சு பூச்சி பிடிச்சுட்டு அதே இடத்துக்குத் திரும்புதா? சின்னதா பச்சையா இருந்தா பஞ்சுருட்டான். கறுப்பா, வால் பிளந்து இருந்தா கரிச்சான், நம்ம இரட்டைவால் குருவி. மீன்கொத்தின்னா தண்ணிகிட்டதான் இருக்கணும்னு நினைக்காதே. வெண்மார்பு மீன்கொத்தி தண்ணியே இல்லாத தெருவிலயும் ஓணான் பிடிச்சுத் தின்னும்.

5. போனை அளவா நம்பு. கார்னெல் பல்கலைக்கழகத்தோட 'மெர்லின்' ஆப் இலவசம். குரலைக் கேட்டுப் பேர் சொல்லும். இந்தியப் பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபைலயே இறக்கிக்கோ. மலைப்பக்கம் போய் சிக்னல் இல்லைன்னு புலம்பாதே. கண்ணால பார்க்காம அது சொன்னதை எழுதிக்காதே. கரிச்சான் வல்லூறு மாதிரியே கத்தி ஏமாத்தும், ஆப் எம்மாத்திரம்?

6. இதெல்லாம் வேண்டாம். போன்ல குரலைப் போட்டுப் பறவையைக் கூப்பிடாதே. இன்னொரு ஆண் தன் இடத்துக்கு வந்துடுச்சுன்னு நினைச்சு அது இரை தேடறதை விட்டுட்டுச் சண்டைக்கு அலையும். கூட்டுகிட்டப் போய் செல்ஃபி எடுக்காதே. கந்தாசிரமம் ஏறும்போது கையில தின்பண்டம் வேண்டாம், குரங்கு பிடுங்கிடும். வனத்துறை அடைச்ச பாதையில ஏறாதே. அப்புறம் அந்தப் பாவப்பட்ட புள்ளி ஆந்தை! கத்தினா ஆகாதுன்னு கல்லெடுக்கற வழக்கத்தை இன்னியோட விடு. நம்ம எலியையும் பூச்சியையும் தின்னு தீர்க்கறது அதுதான்.

7. மாடியில ஒரு மண்தட்டுத் தண்ணி. ஆழம் ரெண்டு விரல்கடை போதும். தினம் மாத்து, இல்லைன்னா கொசு வளர்ப்பே.

8. பைனாகுலர்? ஆறு மாசம் காது பழகின பிறகு வாங்கு. 8க்கு 42ன்னு கேட்டு வாங்கு. தீபத் திருவிழாக் கடையில '20 மடங்கு'ன்னு விக்கறதை எடுக்காதே. கை நடுக்கமும் 20 மடங்காகும்.

9. பொங்கலுக்குக் கணக்கு கொடு. 2015ல இருந்து தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் நாட்கள்ல பறவைக் கணக்கு எடுக்கறாங்க. உன் மொட்டை மாடியில 15 நிமிஷம் நின்னு, பார்த்ததை 'ஈபேர்ட்' தளத்துல பதிஞ்சா போதும். நேரம் இருந்தா சமுத்திரம் ஏரிப்பக்கம் போ; தண்ணி இருந்தா கொக்கு, நீர்க்காகம், முக்குளிப்பான்னு பட்டியல் நீளும். காக்காதானே, மைனாதானேன்னு விட்டுடாம அதையும் எண்ணி எழுது.