ஜாங்கோ கற்க நான்கு வழிகள்: உங்களுக்கு எது?

பைத்தான் மொழியில் இணையதளம் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க் ஜாங்கோ. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழ் அலுவலகத்தில் 2003-இல் உருவானது. 2005-இல் பொதுவெளிக்கு வந்தது. செய்தியாளர்கள் நிரல் தெரியாமலே செய்தியை ஏற்ற வேண்டியிருந்த இடம் அது. ஜாங்கோவில் அட்மின் பக்கம் கேட்காமலே கிடைப்பது அதனால்தான்.

ஜாங்கோவைச் சொந்தமாகக் கற்கப் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்றைத் தொடங்கி, பாதியில் இன்னொன்றுக்குத் தாவி, மறுபடி முதல் அத்தியாயத்துக்கே வந்து நிற்பதுதான் ஆபத்து. ஆகவே முதலிலேயே தேர்ந்துகொள்வது நல்லது.

1. அதிகாரப்பூர்வப் பாடம்

எட்டுப் பகுதிகளில் ஒரு கருத்துக்கணிப்புத் தளத்தைக் கட்டுகிறீர்கள். இரண்டாம் பகுதியிலேயே மாடலும் அட்மினும் வந்துவிடும். அங்கே ‘அண்மையில் வெளியானதா?’ என்று பார்க்கும் ஒரு சிறு நிரலையும் எழுதச் சொல்வார்கள். ஐந்தாம் பகுதிக்கு வந்தால், எதிர்காலத் தேதியிட்ட கேள்விக்கும் அது ‘ஆம்’ என்பது தெரியவரும். அந்தப் பிழையைப் பிடிக்கத்தான் டெஸ்ட் எழுதுகிறீர்கள். நல்ல ஆசிரியரின் தந்திரம்! ஆனால் பைத்தான் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். கிளாஸ் என்றால் என்னவென்று இங்கே விளக்க மாட்டார்கள்.

2. ஜாங்கோ கேர்ள்ஸ் பாடம்

2014-இல் பெர்லினில் பெண்களுக்கான பயிலரங்கில் தொடங்கியது. இணையத்தில் இலவசம், யாரும் படிக்கலாம். கமாண்ட் லைன் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு வலைப்பூவைக் கட்டி, அதை இணையத்தில் ஏற்றுவது வரை கூட்டிப்போகும். செய்ததை நண்பருக்கு அனுப்பிக் காட்டலாம் என்பதே பெரிய ஊக்கம். ஆழம் குறைவு, முடித்தபின் முதல் வழிக்கு வந்தாக வேண்டும்.

3. வீடியோ வகுப்பு

ஒருவர் தட்டச்சு செய்வதைப் பார்த்தால் பயம் தெளியும். ஆனால் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பழைய வீடியோக்களில் வரும் ‘யூஆர்எல்’ ஃபங்ஷன் 4.0-இல் நீக்கப்பட்டுவிட்டது. வெறும் லிங்க்காக இருந்த லாக்அவுட், 5.0 முதல் போஸ்ட் முறையில்தான் வேலை செய்யும். இது தெரியாமல், வீடியோவில் ஓடுவது என் திரையில் மட்டும் ஏன் 405 பிழை காட்டுகிறது என்று ஒரு மாலை முழுக்க எழுத்துப்பிழை தேடியிருக்கிறேன்.

4. சொந்த வேலை

வீட்டுப் பால் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, லிட்டர் என இரண்டே கட்டங்கள். விலையை நிரலிலேயே எழுதிவிடுகிறீர்கள். அடுத்த மாதம் விலை ஏறுகிறது. விலைக்கும் ஒரு கட்டம் சேர்த்து ‘மேக்மைக்ரேஷன்ஸ்’ கட்டளை கொடுத்தால் ஜாங்கோ நின்று கேட்கும்: ஏற்கெனவே உள்ள பதிவுகளுக்கு என்ன மதிப்பு போட? போன மாதக் கணக்குக்குப் பழைய விலைதானே வேண்டும் என்று யோசிக்கும்போது மைக்ரேஷன் எதற்கென்று விளங்கிவிடும். ஆனால் எடுத்த எடுப்பில் இதில் இறங்கினால், எதைத் தேடுவது என்பதே தெரியாது.

எதைத் தேர்வது?

பைத்தான் தெரிந்தவர்: 1, பிறகு 4.
நிரலெழுதுவதே புதிது: 2, பிறகு 1, பிறகு 4.
படித்தால் மண்டையில் ஏறாதவர்: 3, பக்கத்திலேயே 1-ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் பாடத்தின் பதிப்பும் கணினியில் நிறுவிய பதிப்பும் ஒன்றாக இருக்கட்டும். நீண்டகால ஆதரவுள்ள 5.2 போன்ற பதிப்பு என்றால் பாதியில் மாற்ற வேண்டியிராது. மூன்று வரிசையிலும் கடைசியில் பால் கணக்கு வர வேண்டும். மூன்றாம் வரிசைக்காரருக்கு நான் அதை எழுதவில்லையே என்கிறீர்களா? வீடியோ ஓடி முடிந்ததும், அதை மூடிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை அதுதான்.