ஈரக் காலுக்கு ஒரு தரை

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய டைல்ஸ் படங்களைப் பார்த்தேன். எல்லாமே கண்ணாடிப் பளபளப்பு. கடை வெளிச்சத்தில், துடைத்து வைத்த பலகையில் எதுவும் அழகாகத்தான் தெரியும். அடுப்படித் தரை அப்படிக் காய்ந்து கிடக்கும் நேரம் குறைவு. அரிசி களைந்த தண்ணீர் சிந்தும், தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்கும், அதன் மேல் பாட்டி வெறுங்காலோடு நடந்து வருவார். அதனால் நிறமும் பூ வேலையும் கடைசியில் பார்க்க வேண்டியவை. ஈரக் காலுக்கு வழுக்குமா, புளிப்புப் பட்டால் தாங்குமா என்பதை முதலில் பார்.

வழுக்கலை அளக்க ஜெர்மானியர்கள் இரண்டு சோதனை வைத்திருக்கிறார்கள். ஒன்றில், எண்ணெய் பூசிய டைல்ஸ் மேடையில் பூட்ஸ் போட்ட ஆளை நடக்கவிட்டு, மேடையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போவார்கள். எந்தச் சாய்வில் கால் வழுக்குகிறதோ அதை வைத்து ஆர் 9 முதல் ஆர் 13 வரை தரம் பிரிப்பார்கள். ஆர் 9 என்பது 6 முதல் 10 பாகை வரை. ஆர் 10 என்றால் 19 பாகை வரை. இன்னொன்று வெறுங்காலுக்கான சோதனை. சோப்புத் தண்ணீர் ஓடும் மேடையில் செருப்பில்லாமல் நடக்க வேண்டும். 12 பாகை தாங்கினால் ஏ, 18 தாங்கினால் பி, 24 தாங்கினால் சி. நம் வீட்டுக்குப் பொருந்துவது இந்த இரண்டாவதுதான். ஆனால் கடைக்காரர்கள் பெரும்பாலும் ஆர் எண்ணைத்தான் சொல்வார்கள். ஆர் 9 என்றால் அடுப்படிக்கு வேண்டாம், ஆர் 10 கேள். எண்ணே தெரியாது என்றால் ஒரு டைல்ஸைத் தரையில் போடச் சொல்லி, சோப்புத் தண்ணீர் ஊற்றி, எதையாவது பிடித்துக்கொண்டு உள்ளங்காலால் தேய்த்துப் பார். வெட்கப்படாதே. நாற்பது வருஷம் நிற்கப் போகும் தரை அது.

அதற்காக வாசல் படிக்குப் போடும் சொரசொரப்பு ரகத்தையும் எடுத்துவிடாதே. அந்தப் பள்ளங்களில் எண்ணெயும் மஞ்சளும் ஏறினால் தேய்த்து மாளாது. தடவினால் வழவழப்பு இல்லாத, ஆனால் மேடு பள்ளமும் இல்லாத மேட் பினிஷ்தான் சரி. பளபளப்பு ஆசையைச் சுவரில் தீர்த்துக்கொள். சமையல் மேடைக்கு மேல் இரண்டடி உயரத்துக்கு கிளாசி டைல்ஸ் ஒட்டினால் ஒரு துணியில் எண்ணெய் போய்விடும்.

அடுத்தது புளிப்பு. ஆத்தூரைச் சுற்றி இத்தனை சேகோ ஆலைகள் இருக்கின்றன, எதற்குள்ளாவது போனால் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தைக் கவனி. குச்சிக்கிழங்கு மாவுத் தண்ணீர் புளித்து ஓடி ஓடி, சிமென்ட் கரைந்து ஜல்லி பல்லிளித்துக்கொண்டு இருக்கும். சிமென்ட்டில் இருப்பது சுண்ணாம்புச் சத்து. அமிலம் பட்டால் அது கரையத்தான் செய்யும். அடுப்படியில் எலுமிச்சையும் புளியும் தயிரும் தக்காளியும் அதே வேலையை மெதுவாகச் செய்கின்றன. மார்பிளும் கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல் இனம். பாலிஷ் எவ்வளவு ஏற்றினாலும் புளி சிந்திய இடம் மங்கிப்போகும்.

ஆத்தங்குடிக் கல் வேண்டும் என்று உன் அம்மா கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். எனக்கும் அது உயிர். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். சூளைக்கே போகாத கல் அது. மிதிக்க மிதிக்க மெருகு ஏறும். பழைய வீட்டுக் காவித் தரையும் அப்படித்தான், கால் பட்டுத்தான் அந்தப் பளபளப்பு வந்தது. ஆனால் இரண்டும் சிமென்ட். கூடத்திலும் பூஜை அறையிலும் போடு, அடுப்படியில் வேண்டாம். அம்மாவிடம் நானே பேசுகிறேன்.

நம் மண்ணிலேயே ஒரு தரை உண்டு என்பது உனக்குத் தெரியாமல் இருக்கலாம். சேலம் சுண்ணாம்புக்கரட்டில் கிடைக்கிற மேக்னசைட் கல்லைச் சுட்டுப் பொடித்து, மெக்னீசியம் குளோரைடு கரைசலில் குழைத்தால் கல் மாதிரி இறுகும். 1867இல் சோரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கண்டது. ஒட்டே இல்லாத அழகான தரை வரும். தண்ணீர் தேங்கினால் மட்டும் பலம் இழந்துவிடும். அடுப்படிக்கு அதுவும் ஆகாது.

ஆக, தரைக்கு விட்ரிஃபைடு, மேடைக்கு கிரானைட். விட்ரிஃபைடு தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. சுவர் டைல்ஸ் பத்து சதவீதத்துக்கு மேலேயே குடிக்கும். மலிவாக இருக்கிறது என்று அதைத் தரையில் போடச் சொல்வார்கள், கேட்காதே. கிரானைட் துண்டு ஒன்றை வீட்டுக்கு வாங்கி வந்து, எலுமிச்சைச் சாறு விட்டு ராத்திரி முழுக்க வை. காலையில் மங்கலான வட்டம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. கன்னங்கரேல் என்று இருந்தால், பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டுத் தேய்த்துப் பார். பஞ்சு கறுத்தால் சாயம் ஏற்றிய கல். உங்கள் போர் தண்ணீர் உப்பு வேறு. பளபளப்பான கறுப்பில் ஒவ்வொரு சொட்டும் வெள்ளையாகக் காயும். புள்ளி போட்ட சாம்பல் நிறம் எடுத்தால் தினமும் துடைத்துச் சாக வேண்டாம். சிங்க் அடியில் வரும் அலமாரிக்கு, ஈரம் தாங்கும் 710 ரக பிளைவுட் என்று பில்லில் எழுதி வாங்கு.

நல்ல டைல்ஸைக் கெடுப்பது ஒட்டுகிற விதம். தண்ணீரே குடிக்காத விட்ரிஃபைடின் முதுகில் வெறும் சிமென்ட் பால் பிடிக்காது. டைல்ஸ் பசைதான் வேண்டும், அதுவும் நாலு மூலைக்கு நாலு உருண்டை வைக்காமல் முழு முதுகுக்கும் தடவ வேண்டும். மறுநாள் ஒரு காசால் தட்டிக்கொண்டே போ. டொக்கு டொக்கென்று கூடாகக் கேட்கிற இடத்தில் கிரைண்டர் வைத்தால் விரிசல்தான். மேஸ்திரி இடைவெளியே விடாமல் ஒட்டுகிறேன் என்பார்; ஸ்பேசர் வைத்து 2 மி.மீ. விடச் சொல். சந்துக்கு எபாக்சி கிரவுட் போடு, காசு கூடத்தான், ஆனால் மஞ்சளும் எண்ணெயும் எளிதில் இறங்காது. வெளியே பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு மட்டும் தண்ணீர் தேங்காமல் ஓடும்படி வாட்டம் வைக்கச் சொல். வேலை முடிந்ததும் சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றுகிறேன் என்று யாராவது வந்தால் உள்ளே விடாதே. அது சிமென்ட் போட்ட சந்துகளை எல்லாம் தின்றுவிடும்.

டைல்ஸ் ஒரு பெட்டி கூடுதலாக எடு. எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பார். வேறு பேட்ச் என்றால் நிறம் ஒத்துப்போகாது. அடுப்படி நீள அகலத்தை அளந்து இந்த வாரமே எழுது, எத்தனை பெட்டி என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா