புழலும் இரணைமடுவும்

சென்னை மாநகரின் வடபால், கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது புழல். தொண்டை நாடு இருபத்து நான்கு கோட்டங்களாகப் பிரிந்திருந்த காலத்தில் இவ்வூர் புழற்கோட்டத்தின் தலையூராய் விளங்கியது. இன்று இதன் பெயரைக் கேட்டவுடன் நம் நினைவிற்கு வருவது இங்குள்ள ஏரியே. 330 கோடி கன அடி நீர் கொள்ளும் இவ்வேரி, 1872ஆம் ஆண்டு முதல் சென்னை மக்களின் நீர்வேட்கையைத் தணித்து வருகிறது.

நான் இவ்வேரிக்கரையில் வளர்ந்தவன். முப்பத்து நான்கு ஆண்டுகள் துறைமுகத்தில் எழுத்தனாகப் பணியாற்றினேன். கப்பல்கள் வரவும் போகவும் நாள்தோறும் கண்டேன். அவை சுமந்து சென்ற பொருள்களைக் கணக்கில் எழுதினேன். ஆயினும், ஒரு முறையேனும் கடல் கடந்து சென்றேனில்லை. ஓய்வு பெற்ற பின்னரே அவ்வாய்ப்பு வாய்த்தது. மார்கழி மாதத்தில் எட்டு நாள் இலங்கைத் தீவைச் சுற்றி வர நானும் என் மனைவியும் முடிவு செய்தோம்.

புழலை அடுத்த காவாங்கரையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று உண்டு. அங்கு வாழும் மூதாட்டியார் ஒருவர் எங்களுக்கு நெடுங்காலமாகப் பழக்கமானவர். அவர் கிளிநொச்சிப் பக்கத்து உழவர் குடியிற் பிறந்தவர். 1990ஆம் ஆண்டு போருக்கு அஞ்சி, இரவில் படகேறி, இராமேசுவரக் கரையில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இங்கு வந்து சேர்ந்தவர். விடைபெறச் சென்ற நான், “அம்மா, தங்களுக்கு அங்கிருந்து என்ன வாங்கி வரட்டும்?” என்று கேட்டேன்.

“ஒன்றும் வேண்டாம், தம்பி. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வாங்கோ” என்று அவர் தம் ஊர் வழக்கிலே கூறினார்.

அவ்வேண்டுகோள் எனக்கு வியப்பளிக்கவில்லை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் புழல் ஏரி வறண்டு, அதன் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நகர மக்கள் குடங்களுடன் தெருவில் காத்து நின்றனர். அந்நாளில் அம்மூதாட்டியார் மாலைதோறும் கரைக்கு வந்து, வெறுந்தரையை நோக்கியவாறு நெடுநேரம் நிற்பார். நீரற்ற ஏரி ஓர் உழவர்மகளுக்கு என்ன துயரம் தரும் என்பதை அன்று நான் கண்டேன். எனவே, “பார்த்து வருகிறேன்” என்று வாக்களித்துப் புறப்பட்டேன்.

முற்காலத்தில் இலங்கைக்குச் செல்வோர் சென்னை எழும்பூரில் புகைவண்டி ஏறித் தனுக்கோடியை அடைவர். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் செல்வர். 1914இல் தொடங்கிய அவ்வழி, 1964ஆம் ஆண்டு திசம்பர் மாதப் பெரும்புயலில் தனுக்கோடி அழிந்ததோடு முடிவுற்றது. நாங்கள் சென்றதோ வானூர்தியில். ஒன்றரை மணி நேரத்திற்குள் கொழும்பு நகரத்தை அடுத்த கட்டுநாயக்காவில் இறங்கினோம். முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் கடக்காத கடலை ஒரு சிற்றுண்டி முடிவதற்குள் கடந்துவிட்டேன்!

முதல் இரு நாள்களைத் தென்மேற்குக் கடற்கரையில் பெந்தோட்டை என்னும் ஊரில் கழித்தோம். தென்னைகள் அலையை நோக்கிச் சாய்ந்து நின்றன. வெண்மணலும் நீலக்கடலும் மாலைக் கதிரவனும் கண்ணுக்கு விருந்தளித்தன. அவ்விடுதியில் தங்கியிருந்தோர் சிலர் எங்கள் பயணத்திட்டத்தைக் கேட்டு, “கிளிநொச்சியில் காண என்ன இருக்கிறது? அங்குச் செல்லும் நாள்களையும் இங்கேயே கழித்துவிடுங்கள்” என்றனர். என் மனமும் அதற்கு இசைந்தது. என் மனைவிதான், “ஒருவருக்கு விடை கொண்டு வருவதாகச் சொல்லி வந்திருக்கிறோம், அதை மறந்தீர்களோ?” என்றாள். நான் நாணினேன்.

பின்னர் மலைநாட்டிற்குச் சென்றோம். கண்டியிலிருந்து நானுஓயா வரை புகைவண்டி பச்சை மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. சீராக வெட்டிய தேயிலைச் செடிகள் சரிவெங்கும் படர்ந்துள்ளன. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரை என்னும் இடத்தில் முதல் தேயிலைத் தோட்டத்தை அமைத்தார். அதற்கு முன் அம்மலைகளில் காப்பி விளைந்தது. இரண்டையும் விளைவித்த கைகள், தமிழகத்தினின்றும் கடல் கடந்து, காட்டு வழியே கால்நடையாய்ச் சென்ற ஏழைத் தொழிலாளருடையவை. நாங்கள் களிப்புடன் கண்ட அழகு, அவர்தம் உழைப்பின் விளைவன்றோ?

மலையினின்று இறங்கிப் பொலன்னறுவையை அடைந்தோம். கி.பி. பதினோராம் நூற்றாண்டில் சோழர் அந்நகரைச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்டனர். அவர்கள் எடுப்பித்த வானவன்மாதேவி ஈசுவரம் என்னும் கற்றளி இன்றும் சிதையாமல் நிற்கிறது. சோழருக்குப் பின் சிங்கள மன்னர் அந்நகரிலிருந்தே ஆண்டனர். அவருள் சிறந்தவர், பன்னிரண்டாம் நூற்றாண்டினரான முதலாம் பராக்கிரமபாகு. வானினின்று விழும் மழைநீரில் ஒரு துளியும் மக்களுக்குப் பயன்படாமல் கடலிற் சேர்தல் ஆகாது என்பது அவர் கொள்கை. அக்கொள்கையின் சின்னமாக விளங்குவது பராக்கிரம சமுத்திரம் என்னும் பேரேரி. அதன் கரையின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர்.

இலங்கையின் பண்டைய ஏரிகளில் ‘பிசோகொட்டுவ’ என்னும் அமைப்பு உண்டு. மதகினை ஒட்டி, கரையின் உள்ளே, கல்லால் கட்டிய சதுரக் கிணறு அது. ஏரிநீர் தன் முழு விசையுடன் மதகின் வழியே பாயுமாயின் கரை உடைந்துபோகும். இக்கிணறு அவ்விசையைத் தணித்து, வேண்டிய அளவு நீரை மட்டும் வெளியே விடுகிறது. நம் நாட்டு ஏரிகளில் பழந்தமிழர் அமைத்த குமிழித்தூம்பும் இத்தகைய அறிவின் விளைவே. மன்னர்கள் படையெடுத்து ஒருவரையொருவர் வென்றனர், தோற்றனர். ஆனால், நீரைத் தேக்கும் அறிவு இரு கரையிலும் தழைத்தது.

ஏழாம் நாள் வவுனியா வழியாகக் கிளிநொச்சியை அடைந்தோம். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற நெடும்போரில் பெரும் அழிவுக்குள்ளான ஊர் அது. நகரினின்று சிறிது தொலைவில் உள்ளது இரணைமடுக் குளம். நாம் ஏரி என்பதை அந்நாட்டுத் தமிழர் குளம் என்கின்றனர். கனகராயன் ஆற்றை மறித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த நீர்த்தேக்கம் அது. போருக்குப் பின் சீர்செய்யப்பட்டுள்ளது. கரையருகே கனகாம்பிகை அம்மன் கோயில் உள்ளது.

கரைமேல் ஏறி நின்றேன். கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை நீர்! மறுபுறத்தில் வயல்கள் பச்சைப் பட்டு விரித்தாற்போல் கிடந்தன. அங்கு வந்த முதிய உழவர் ஒருவர், நாங்கள் சென்னையிலிருந்து வந்தோம் என்றறிந்து அன்புடன் உரையாடினார். மழைக்காலத்து நெற்பயிரைக் காலபோகம் என்றும், கோடைப் பயிரைச் சிறுபோகம் என்றும் அவர் விளக்கினார். காலபோகத்திற்கு மழை துணை நிற்கும். சிறுபோகத்திற்கோ குளத்து நீரே துணை. ஆதலால், கோடைப் பயிருக்கு முன் உழவரும் அலுவலரும் கூடிக் குளத்தின் நீர்மட்டத்தைக் கணக்கிட்டு, எத்தனை ஏக்கர் பயிரிடலாம் என முடிவு செய்வர். நீர் குறைந்த ஆண்டில் நிலத்தின் அளவைக் குறைத்து, இருப்பதைப் பங்கிட்டுக்கொள்வர்.

“இவ்வாண்டு குறையில்லை. இரண்டு நாளாகக் குளம் வான் பாய்கிறது” என்றார் அவர். நான் பொருள் விளங்காமல் விழித்தேன். அவர் சிரித்து, கரைக்கோடியைச் சுட்டினார். திறந்திருந்த கதவுகளின் வழியே மிகைநீர் நுரைத்துப் பாய்ந்துகொண்டிருந்தது. நாம் கலங்கல் என்பதை அவர்கள் வான் என்கின்றனர்.

அப்போது ஓர் எண்ணம் என் உள்ளத்தில் எழுந்தது. இக்குளத்தை நிரப்பியதும் வடகிழக்குப் பருவமழை. புழல் ஏரியை நிரப்புவதும் அதே மழை. இடையில் கிடக்கும் கடல் மழைக்குத் தடையன்று. மனிதருக்கு மட்டும் அது தடையாயிற்று. களிப்புக்காகச் செல்லும் நான் கடவுச்சீட்டுடன் எளிதில் சென்றேன். அம்மண்ணிலே பிறந்தவருக்கு அவ்வெளிமை வாய்க்கவில்லை.

மறுநாள் யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலியிலிருந்து வானூர்தியில் சென்னைக்குத் திரும்பினோம். அன்று மாலையே காவாங்கரைக்குச் சென்றேன். மூதாட்டியார் வாயிலில் அமர்ந்திருந்தார். கடலைப் பற்றியோ மலையைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“குளம் எப்படி, தம்பி?”

“நிறைந்திருக்கிறது, அம்மா. வான் பாய்கிறது.”

அச்சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. கண்கள் நீர் நிறைந்தன. “அப்படியென்றால் சிறுபோகமும் விளையும்” என்றார்.

மாணவர்களே! புதிய நாட்டின் அழகைக் கண்டு மகிழ்தல் நன்றே. ஆனால், அந்நாட்டை நேசிக்கும் ஒருவருடைய கண்ணைக் கடன் பெற்றுச் செல்வீராயின், பிறர் காணாததைக் காண்பீர்கள். அவ்விடுதியில் தங்கியோர் சொற்படி கடற்கரையிலேயே தங்கியிருப்பேனாயின், நான் இலங்கைக்குச் சென்றிருப்பேன். இலங்கையைக் கண்டிருக்க மாட்டேன்.

அருஞ்சொற்பொருள்

கற்றளி – கல்லால் கட்டிய கோயில்
தூம்பு – நீர் வெளியேறும் வழி
கலங்கல் – ஏரியின் மிகைநீர் வழியும் இடம்
வேட்கை – விருப்பம், தாகம்

வினாக்கள்

1. மூதாட்டியார் ஆசிரியரிடம் வேண்டியது யாது? அவர் அதனை வேண்டியதன் காரணம் என்ன?
2. ‘பிசோகொட்டுவ’ என்னும் அமைப்பு ஏரிக்கரையை எவ்வாறு காக்கிறது?
3. சிறுபோகத்திற்கு முன் இரணைமடு உழவர் எவ்வாறு நீரைப் பங்கிடுகின்றனர்?
4. ‘மனிதருக்கு மட்டும் அது தடையாயிற்று’ – இக்கூற்றை விளக்குக.
5. உம் ஊர் ஏரி அல்லது குளத்தைப் பற்றி இருபது வரிகளில் ஒரு கட்டுரை வரைக.