பொறி நின்றது, பொறுப்பு யாருடையது?

கார் வாங்குவோர் பலர். அதனுடன் வரும் வாரண்டிப் புத்தகத்தைப் படிப்போர் மிகச் சிலர். எஞ்சின் ஒழுங்காக ஓடும் வரையில் அப்புத்தகம் அறைப்பெட்டியில் உறங்கும். எஞ்சின் நின்ற அன்றுதான் அதைத் தேடுகிறோம். எஞ்சின் ஏன் நிற்கிறது என்பதைப் பொறியியல் மாணவர் அறிவர். நின்றபின் யாரைக் கேட்பது என்பதைச் சட்ட மாணவர் அறிவர். இரண்டையும் ஒருங்கே அறிந்தாலன்றிப் பயன் இல்லை என்பதை ஒரு நிகழ்ச்சி எனக்குக் கற்பித்தது.

நம் சங்க உறுப்பினர் ஒருவரின் தமையனார் விழுப்புரத்தில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். வங்கிக் கடன் பெற்று வாங்கிய கார். ஓட்டுநரும் அவரே, உரிமையாளரும் அவரே. வாங்கி ஓராண்டும் சில மாதங்களும் ஆகியிருந்தன. ஓர் இரவு உளுந்தூர்ப்பேட்டையைக் கடந்து திருச்சி நோக்கிச் செல்கையில், எண்ணெய்க் கிண்டியைப் போன்ற சிவப்பு விளக்கு முகப்பில் எரிந்தது. வண்டியில் இருந்தவர்கள் அவசரப்பட்டார்கள். அடுத்த பெட்ரோல் பங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினார். சில நிமிடங்களில் 'கடகட' என்ற ஓசை எழுந்தது, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

வண்டியைப் பணிமனைக்கு இழுத்துச் சென்றனர். நீட்டிய ஜாப் கார்டில் அவர் படிக்காமலே கையொப்பமிட்டார். நான்கு நாள் கழித்துத் தொலைபேசியில் விடை வந்தது: "எண்ணெய் கசடாகிவிட்டது. நீங்கள் வேளைக்கு எண்ணெய் மாற்றவில்லை. வாரண்டி கிடையாது." ஒரு முறை மட்டும் ஊர் மெக்கானிக்கிடம் எண்ணெய் மாற்றியிருந்தார், ரசீது வாங்கவில்லை. பழுதுபார்க்கக் கேட்ட தொகையோ, பத்து மாதத் தவணைக்குச் சமமானது. இனி, இதில் எவர் சொல் சரி என்பதை ஆராய்வோம்.

1. எஞ்சின் ஏன் பிடிக்கிறது?

எஞ்சினின் உயிர்நிலை கிராங்க் ஷாப்ட். நிமிடத்திற்கு 3000 சுற்று என்றால், நொடிக்கு 50 முறை அது சுழலவேண்டும். அதற்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஏறத்தாழ இருபது கூறாக்கினால் ஒரு கூறு அல்லது அதற்கும் குறைவு. அச்சிற்றிடைவெளியில் எண்ணெய் அழுத்தத்துடன் நின்று, உலோகம் உலோகத்தைத் தொடாமல் காக்கிறது. அழுத்தம் போயிற்றேல் உலோகம் உரசும், உரசினால் சூடேறும், சூடேறினால் பேரிங் உருகி ஒட்டிக்கொள்ளும்.

அச்சிவப்பு விளக்கு எண்ணெயின் அளவைக் குறிப்பதன்று; அழுத்தத்தைக் குறிப்பது என்பதை நாம் மறத்தலாகாது. அது எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைப்பதே முறை. இவ்விடத்தில் தமையனார் தவறினார். அதை மறைக்க வேண்டுவதில்லை.

ஆனால் அழுத்தம் ஏன் போயிற்று? காரணம் ஒன்றன்று. எண்ணெய் கசிந்து குறைந்திருக்கலாம். பழைய எண்ணெய் தார் போல் கெட்டியாகி, அடித்தொட்டியின் சல்லடையை அடைத்திருக்கலாம். ஆயில் பம்பே பழுதாகியிருக்கலாம். எண்ணெய் செல்லும் துளை ஒன்று தொழிற்சாலையிலேயே அடைபட்டு வந்திருக்கலாம். முதல் இரண்டும் பெரும்பாலும் பராமரிப்பைச் சாரும். பின் இரண்டும் செய்தவரைச் சாரும்.

இவற்றுள் ஒவ்வொன்றும் தன் தடயத்தை விட்டுச்செல்லும். கசடு காரணமாயின் சல்லடையிலும் வால்வு மூடியின் உட்புறத்திலும் கரும்படிவு காணப்படும். எண்ணெய் தெளிவாக இருந்தும் எல்லாப் பேரிங்குகளும் தேய்ந்திருப்பின் பம்பை ஐயுறலாம். ஒரே ஒரு பேரிங் கெட்டு, மற்றவை பளபளப்பாக இருப்பின், அந்த ஓரிடத்தின் துளையையோ பேரிங்கையோ ஆராயவேண்டும். இவை முடிந்த முடிபுகள் அல்ல. எங்கே தேடுவது என்று காட்டும் குறிகள்.

2. வாரண்டி எதை உறுதி கூறுகிறது?

வாரண்டி என்பது 'கார் கெடாது' என்ற வாக்குறுதி அன்று. மூலப்பொருளிலோ செய்வேலையிலோ குறை இருந்தால், குறித்த காலத்துக்குள் அல்லது குறித்த கிலோமீட்டருக்குள், அப்பாகத்தைச் செப்பனிட்டோ மாற்றியோ தருவோம் என்பதே அதன் சாரம். இயல்பான தேய்மானம், விபத்து, பராமரிப்புக் குறை ஆகியவை விலக்கு. குறை நீக்கக் கூடியதாயின், வாரண்டியின் சொல்லுக்கு அப்பால் சென்று காரையே மாற்றித்தருமாறு கேட்கமுடியாது என உச்சநீதிமன்றம் 2006இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே 'புதுக் கார் கொடு' என்று முழங்குவதைவிட, 'எஞ்சினைச் செப்பனிட்டுக் கொடு' என்று கேட்பதே வலிமையுள்ள கோரிக்கை.

'வெளியே எண்ணெய் மாற்றினீர்கள். ஆகவே வாரண்டி போயிற்று' என்பது செல்லுமா? இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் 14 கார் நிறுவனங்களைப் பற்றிய வழக்கில் இதைக் கருதியது. வெளி மெக்கானிக்கிடம் சென்ற ஒரே காரணத்தால் வாரண்டி முழுவதையும் நீக்கும் பொது விதி கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் விளைந்த கேட்டின் அளவுக்கே அதை மறுக்கலாம் என்று ஆணையிட்டது. அவ்வாணையின்மேல் முறையீடுகள் தொடர்ந்தன. எனினும் அதில் உள்ள நியாயம் எளியது: காரணத்துக்கும் கேட்டுக்கும் தொடர்பு காட்டவேண்டும்.

நீர் புகுந்த எஞ்சினும் இங்கே நினைக்கத்தக்கது. 2015இலும் 2023இலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பல. நீர் காற்றைப்போல் அமுங்குவதன்று. சிலிண்டரில் நீர் இருக்கையில் சாவியைத் திருகினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இது வாரண்டிக்குள் வராது, இன்ஷூரன்ஸைச் சாரும். அங்கும் எஞ்சினுக்கெனத் தனிப் பாதுகாப்பு எடுத்திராவிடில் மறுப்பு வரக்கூடும்.

3. சான்றைக் காத்தல்

தமையனார் மறுபடியும் பணிமனைக்குச் சென்று, "அந்தப் பேரிங்குகளைக் காட்டுங்கள்" என்றார். "பழைய சாமானோடு போய்விட்டன" என்றனர். வழக்கின் உயிர் அன்றே போயிற்று. ஆகவே தோழர்களே, கீழ்வருவனவற்றை மனத்தில் கொள்க:

(அ) எஞ்சின் நின்ற இடத்திலேயே முகப்பு விளக்குகள், கிலோமீட்டர் எண், அளவுக்கோலில் எண்ணெய் நிற்கும் மட்டம் ஆகியவற்றைப் படம் எடுக்கவேண்டும்.

(ஆ) ஜாப் கார்டில், "என் முன்னிலையில் பிரிக்கவேண்டும், பழைய பாகங்களை என்னிடம் காட்டாமல் அகற்றக்கூடாது" என்று எழுதியபின் கையொப்பமிட வேண்டும்.

(இ) காரின் கணிப்பொறியில் பதிந்துள்ள பிழைக் குறியீடுகளை, அழிப்பதற்கு முன் அச்சிட்டு வாங்கவேண்டும்.

(ஈ) எண்ணெயைத் தூய புட்டிகள் இரண்டில் எடுத்து, நாளிட்டு, இரு தரப்பாரும் ஒப்பமிட்டு முத்திரையிடவேண்டும்.

(உ) மறுப்பை எழுத்தில் கேட்கவேண்டும். எந்த விதியின்படி, எந்தத் தடயத்தைக் கண்டு மறுத்தார்கள் என்பது அதில் இருக்கவேண்டும். தொலைபேசியில் சொன்ன சொல்லுக்கு மறுநாள் ஆள் இராது.

(ஊ) எங்கே எண்ணெய் மாற்றினாலும் ரசீது வாங்குக. அதில் நாள், கிலோமீட்டர், எண்ணெயின் தரம் மூன்றும் இருக்கட்டும்.

4. முறையீடு

1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பொருளுக்குக் கொடுத்த விலை 50 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம்; 5 இலட்சம் வரை கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செல்லவேண்டும். வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலாம். விற்றவர் ஊருக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. முறையிடுவோர் வாழும் ஊரிலேயே தொடுக்கலாம். ஊரை விட்டு வந்து இங்கு வாழும் நம்மனோர்க்கு இது பெரும் வசதி.

'வாடகைக் கார் வணிகப் பொருளாயிற்றே' என்று சிலர் ஐயுறலாம். தம் பிழைப்புக்காகத் தாமே உழைத்து நடத்தும் தொழிலுக்கு வாங்கியவரும் நுகர்வோரே என்று சட்டம் விளக்குகிறது. குறையைச் சோதனையின்றி அறிய முடியாதெனின், பொருளைத் தக்க ஆய்வகத்திற்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அனுப்புவதற்குப் பொருள் இருக்கவேண்டுமே! முறையிடும் முன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தெரிவித்தால், சில வேளைகளில் வழக்கின்றியே தீர்வு கிட்டும்.

தமையனாரின் கதைக்கு முடிவு கூறவேண்டும். பல கடிதங்களுக்குப் பின், தொகையில் ஒரு பகுதியை அவர்கள் தள்ளிக் கொடுத்தனர்; மீதியைத் தம்பியின் படிப்புக்கென வைத்திருந்த பணத்திலிருந்து அவர் கட்டினார். அவர் எண்ணெய் மாற்றியதில் குறையா, பம்பில் குறையா என்பது இன்றும் தெரியாது. பணிமனை பொய் சொன்னது என்று நான் கூறமாட்டேன். மெய் சொன்னது என்றும் கூற இயலவில்லை. நியாயம் எந்தப் பக்கம் இருந்ததோ, அதைக் காட்டக்கூடிய நான்கு உலோகத் துண்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, வீட்டுக் காரின் வாரண்டிப் புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். ரசீதுகளை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். அரை மணி நேர வேலைதான் அது. அந்த அரை மணி நேரம், ஒரு வீட்டின் ஓராண்டு உழைப்பைக் காக்கக்கூடும்.